பாலர் வகுப்புக்கு எந்த வானிலைக் கைவேலை? பினாங்கில் செய்து பார்த்த ஒப்பீடு

"டீச்சர், நேத்து சாயங்காலம் எங்க வீட்டுப் பக்கம் பயங்கர இடி. அதை இதுல எங்க வைக்கிறது?"

கேட்டவன் ஐந்து வயதுப் பையன். அவன் கையில் காகிதத் தட்டில் செய்த வானிலைச் சக்கரம் இருந்தது. வெயில், மேகம், மழை, பனி என்று நான்கு பங்கு, நடுவில் ஒரு முள். முந்தின நாள் காலை 9 மணிக்கு நாங்கள் வட்டமாக உட்கார்ந்து பேசியபோது நல்ல வெயில். அதனால் முள் வெயிலில் நின்றது. பிள்ளைகள் 12 மணிக்கு வீட்டுக்குப் போனார்கள். நான்கு மணிக்கு வானம் இருண்டு, இடி இடித்து, ஜன்னல் கண்ணாடி அதிர மழை கொட்டியது. மறுநாள் காலை வகுப்புக்கு வந்தால் முள் இன்னும் வெயிலில்தான் நிற்கிறது.

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. நான் பினாங்கில் நான்கு, ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறேன். தினமும் காலையில் வானிலை பற்றிப் பேசுவது எங்கள் வழக்கம். அந்தப் பையன் கேட்ட பிறகுதான், நான் பல வருடமாகச் செய்ய வைத்த சக்கரம் இந்த ஊர் வானத்துக்காக வரையப்பட்டது இல்லை என்பது உறைத்தது. அப்புறம் ஒவ்வொன்றாக வேறு கைவேலைகளைச் செய்து பார்த்தேன். வகுப்புக்கோ வீட்டுக்கோ ஒன்றைத் தேர்ந்தெடுக்க நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று அந்த அனுபவத்தை எழுதுகிறேன்.

முதலில் நம் ஊர் வானத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எந்தக் கைவேலை பொருந்தும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது.

மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் அன்றாட முன்னறிவிப்பைப் பார்த்திருப்பீர்கள். ஒரு நாளை அவர்கள் ஒரே சொல்லில் முடிப்பதில்லை. 'பாகி, பெத்தாங், மாலாம்' என்று காலை, பிற்பகல், இரவு மூன்றாகப் பிரித்துச் சொல்கிறார்கள். காலையில் 'தியாடா ஹூஜான்' (மழை இல்லை), பிற்பகலில் 'ரிபுட் பெத்திர்' (இடிமழை) என்று வருவது இங்கே சாதாரணம். காலை வெயில் தரையைச் சுட வைக்கிறது. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று சூடாகி மேலே எழுகிறது. மதியத்துக்கு மேல் அது திரண்டு இடிமழையாக இறங்குகிறது. சில மாதங்களில் இது தலைகீழாகும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை சில நாள் விடியற்காலையில் சுமத்ராவிலிருந்து மலாக்கா நீரிணையைக் கடந்து ஒரு காற்றுமழை வரிசை வரும். பிள்ளைகள் நனைந்துகொண்டே பள்ளிக்கு வருவார்கள், பத்து மணிக்கெல்லாம் வெயில் அடிக்கும்.

இங்கே ஒரு நாளின் வெயிலும் மறுநாளின் வெயிலும் பெரிதாக வேறுபடுவதில்லை. ஒரே நாளுக்குள் காலையும் மாலையும்தான் வேறுபடுகின்றன.

என் பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். "மழை பெஞ்சுச்சா"ன்னு யாரும் கேட்க மாட்டாங்க, "எப்ப பெஞ்சுச்சு"ன்னுதான் கேட்பாங்க என்பார். பால் நன்றாக ஓடுவது குளிர்ச்சியான விடியற்காலையில். அந்த நேரத்தில் மழை பெய்து மரம் நனைந்துவிட்டால் வெட்ட முடியாது, அன்றைய சம்பளம் போச்சு. சாயங்காலம் எவ்வளவு கொட்டினாலும் கவலை இல்லை. மழையின் நேரத்தைப் பாட்டி வயிற்றால் அறிந்தவர். பிள்ளைகளுக்குக் கற்றுத்தர வேண்டிய முதல் விஷயமும் அந்த நேரம்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

சரி, கைவேலைகளுக்கு வருவோம்.

காகிதத் தட்டுச் சக்கரம்

எல்லாரும் முதலில் செய்வது இதுதான். காகிதத் தட்டை நான்காகவோ ஆறாகவோ பிரித்து, படம் வரைந்து, நடுவில் இரண்டு காலையும் விரித்து மடக்கும் பித்தளைப் பின்னால் ஒரு முள்ளை மாட்டினால் முடிந்தது. அரை மணி நேர வேலை. நான்கு வயதுப் பிள்ளையும் கலர் அடிக்கலாம், முள்ளைத் திருப்பலாம். செய்து முடித்ததும் பிள்ளை முகத்தில் வரும் சந்தோஷத்துக்கு இதை மிஞ்சியது வேறு எதுவும் இல்லை. அதை நான் மறுக்கவே மாட்டேன்.

ஆனால் மூன்று குறை உண்டு. முதல் குறையை மேலே சொல்லிவிட்டேன்: ஒரு முள், ஒரு நாளைக்கு ஒரே பதில்.

இரண்டாவது, படங்கள். இணையத்தில் கிடைக்கும் மாதிரிகளில் பெரும்பாலும் ஒரு பனிமனிதன் நிற்பார். என் வகுப்பில் ஒரு வருடம் முழுவதும் அந்தப் பங்கு பக்கம் முள் போகவே இல்லை. ஒரு சின்னப் பெண் மட்டும் ஒவ்வொரு திங்களும் "இன்னைக்குப் பனி வருமா டீச்சர்" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அந்த இடத்தில் நமக்கு வேண்டியவை வேறு. எங்கள் வகுப்பில் இப்போது வைத்திருக்கும் ஏழு: வெயில், மப்பு, புழுக்கம், தூறல், மழை, இடிமழை, புகைமூட்டம்.

புழுக்கத்தைக் கட்டாயம் சேருங்கள். மழைக்கு முன்னால் காற்றே இல்லாமல் சட்டை முதுகில் ஒட்டும் அந்த நேரத்துக்குத் தமிழில் இவ்வளவு அழகான ஒற்றைச் சொல் இருக்கிறது, வானிலைப் படங்களில் அது வருவதே இல்லை. பிள்ளைகள் உடம்பால் உடனே புரிந்துகொள்ளும் வானிலை அதுதான். வியர்வைத் துளியோடு ஒரு முகம் வரைந்தால் போதும். புகைமூட்டம் எல்லா வருடமும் வராது, ஆனால் வந்தால் பிள்ளையின் நாளையே மாற்றிவிடும். 2019 செப்டம்பரில் புகைமூட்டத்தால் நாட்டில் பல பள்ளிகளை மூட வேண்டியிருந்தது. வெயிலும் இல்லை, மேகமும் இல்லை, வானம் மட்டும் வெள்ளையாக இருக்கிறதே என்று பிள்ளை கேட்கும்போது காட்ட ஒரு படம் வேண்டும்.

மூன்றாவது குறை ஈரம். இங்கே காற்றில் எப்போதும் ஈரம். காகிதத் தட்டு மூன்று வாரத்தில் ஓரம் சுருண்டு, நடுவில் உள்ள துளை பெரிதாகி, முள் தானாகவே கீழே தொங்கும். பல வீடுகளில் சுவரில் மாட்டிய சக்கரம் நாள் முழுதும் கீழே உள்ள படத்தையே காட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். தட்டுக்குப் பதில் மணிலா அட்டையை வெட்டி லேமினேட் செய்தால் ஒரு பள்ளித் தவணை தாங்கும்.

இந்தச் சக்கரத்தையே திருத்த முடியாதா என்று முயன்றேன். காலைக்கு மஞ்சள், மதியத்துக்குச் சிவப்பு, மாலைக்கு நீலம் என மூன்று முள் வைத்தேன். ஒன்றைத் திருப்பினால் மற்றதும் கூடவே திரும்பியது. பின்னை இறுக்கினால் எதுவுமே திரும்பவில்லை. பெரியவர்கள் கைக்குச் சரி, நான்கு வயதுக் கைக்கு ஒத்துவராது. அதை விட்டுவிட்டேன்.

பைகள் வைத்த துணிப் பலகை

ஃபெல்ட் துணியில் பைகள் தைத்து, வெல்குரோ ஒட்டிய படங்களை எடுத்து எடுத்து வைக்கும் பலகை. பார்க்க மிக அழகு, பல வருடம் உழைக்கும். ஆனால் அதைச் செய்பவர் டீச்சர், பிள்ளை இல்லை. இருபது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒரு நாளைக்கு ஒருவர் படம் வைப்பார், மற்ற பத்தொன்பது பேர் வேடிக்கை பார்ப்பார்கள். வகுப்பை அலங்கரிக்க வேண்டும் என்றால் செய்யலாம். கைவேலை என்ற கணக்கில் இதை நான் சேர்ப்பதில்லை.

கிளிப் பட்டை

மூன்று முள் சக்கரம் தோற்ற பிறகு துணி காயப் போடும்போது வந்த யோசனை இது. முள்ளுக்குப் பதில் துணிக் கிளிப்.

மணிலா அட்டையில் ஒரு சாணுக்குக் குறைவான அகலத்தில் நீளப் பட்டையாக வெட்டிக்கொள்ளுங்கள். அதில் மேலிருந்து கீழாக அந்த ஏழு வானிலையையும் பிள்ளையே வரையட்டும். ஒவ்வொரு படத்துக்கும் நடுவில் கோடு போதும். பிறகு ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கு கிளிப்: மஞ்சள் காலைக்கு, சிவப்பு மத்தியானத்துக்கு, நீலம் சாயங்காலத்துக்கு, கறுப்பு இரவுக்கு. காலையில் வெயில் என்றால் மஞ்சள் கிளிப்பை வெயில் படத்தின் ஓரத்தில் மாட்ட வேண்டும். வீட்டுக்குப் போகும் நேரத்தில் புழுக்கமாக இருந்தால் சிவப்பு கிளிப் அங்கே.

முதலில் நான் இதை வேறு மாதிரிதான் செய்தேன். நேரத்தைப் பட்டையில் எழுதி, வானிலைப் படங்களைக் கிளிப்பில் ஒட்டினேன். அப்போது காலையும் மதியமும் வெயிலாக இருந்தால் இரண்டு வெயில் கிளிப் தேவைப்பட்டது. ஒரு பிள்ளைக்குப் பதினைந்து இருபது கிளிப் ஆனது. படத்தைப் பட்டையிலும் நேரத்தைக் கிளிப்பிலும் மாற்றி வைத்ததும் நான்கே கிளிப்பில் முடிந்தது. நான்கும் ஒரே படத்தில் சேர்ந்து நின்றாலும் பரவாயில்லை. அப்படி நிற்கும் நாளே ஒரு செய்தி: நாள் முழுதும் மப்பு, அல்லது நாள் முழுதும் புகை.

இப்போது அந்தப் பையனின் கேள்விக்கு வருகிறேன். சாயங்காலமும் இரவும் பிள்ளைகள் வகுப்பில் இருப்பதில்லை. அதனால் எங்கள் காலைப் பேச்சு இன்றைய வானத்திலிருந்து தொடங்குவதில்லை, நேற்றைய சாயங்காலத்திலிருந்து தொடங்குகிறது. "நேத்து நாலு மணிக்கு எங்க இருந்தீங்க? வெளியே எப்படி இருந்துச்சு?" ஒவ்வொருவரும் நினைவுபடுத்திச் சொல்லி, நீலக் கிளிப்பையும் கறுப்புக் கிளிப்பையும் மாட்டுகிறார்கள். நேற்றைய பட்டை நிறைந்த பிறகு எல்லாக் கிளிப்பையும் கழற்றிவிட்டு இன்றைய மஞ்சள் கிளிப்.

நான் எதிர்பார்க்காத ஒன்று இதில் நடந்தது. ஆயர் ஈத்தாம் பக்கமிருந்து வரும் பிள்ளை இடிமழையில் மாட்டுவான், தஞ்சோங் தொக்கோங் பக்கமிருந்து வருபவள் மப்பில் மாட்டுவாள். இருவரும் தங்கள் பட்டையைக் காட்டிச் சண்டை போடுவார்கள். இருவர் சொல்வதும் சரிதான் என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. இடிமழை ஒரு சின்ன இடத்தில் கொட்டி, நடுவில் மலை நிற்கும் இந்தத் தீவில் அடுத்த பக்கத்தை நனைக்காமல் போகும். ஐந்து வயதில் இதைத் தானே கண்டுபிடிப்பதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். சுவரில் ஒரே ஒரு பலகை இருந்தால் இந்தச் சண்டை வந்திருக்காது.

கிளிப்பை அழுத்தித் திறப்பதால் பென்சில் பிடிக்கும் மூன்று விரலுக்கும் நல்ல பயிற்சி. நான்கு வயதில் சிலருக்கு முதல் வாரம் இரண்டு கையும் தேவைப்படும், இரண்டாம் மாதம் ஒரு கையால் செய்வார்கள். மரக் கிளிப் வாங்காதீர்கள். கடல் காற்றில் பூஞ்சை பிடிக்கிறது. பிளாஸ்டிக் கிளிப்பை வெயிலில் விடாமல் வகுப்புக்குள்ளேயே வைத்திருந்தால் வருடக்கணக்கில் உழைக்கும். இரண்டு மூன்று வயதுத் தம்பி தங்கை உள்ள வீட்டில் கிளிப்பின் கம்பி கழன்று வாய்க்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

குறையும் இருக்கிறது. எவ்வளவு மழை என்பதைப் பட்டை சொல்லாது. பிள்ளை தூங்கிய பிறகு நடந்ததையும் சொல்லாது. கறுப்புக் கிளிப்பை மாட்டும்போது பாதிப் பேர் ஊகிக்கிறார்கள். "ராத்திரி நான் தூங்கிட்டேன் டீச்சர்" என்று நேர்மையாகச் சொல்பவர்களும் உண்டு. அந்த இடத்தில்தான் அடுத்த கைவேலை வருகிறது.

பாட்டில் மழைமானி

மழைமானி என்றால் பெரிய கருவி என்று பயப்பட வேண்டாம். நேரான சுவர் உள்ள ஒரு பாட்டில், ஓர் அளவுகோல், அவ்வளவுதான். மேலே உள்ள கூம்புப் பகுதியை வெட்டி, தலைகீழாக அதே பாட்டிலுக்குள் செருகினால் புனல் ஆகிவிடும். புனல் வாயும் பாட்டிலும் ஒரே அகலம் என்பதால் உள்ளே தேங்கிய நீரின் உயரமே மழையின் அளவு. 10 மில்லிமீட்டர் நீர் நின்றால் 10 மில்லிமீட்டர் மழை. சமதளத்தில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 1 லிட்டர் தண்ணீர். ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு இதைத் தரையில் சாக்பீசால் ஒரு மீட்டர் சதுரம் போட்டு, ஒரு லிட்டர் பாட்டிலை அதில் ஊற்றிக் காட்டினேன். கண் விரிந்தது.

பாட்டில் தேர்வில்தான் பலர் சறுக்குகிறார்கள். மினரல் வாட்டர் பாட்டிலில் சுவர் முழுக்க வரி வரியாக மடிப்பு, அளவு சரியாக வராது. 1.5 லிட்டர் கேஸ் பானப் பாட்டிலின் சுவர் பல வகைகளில் நேராக இருக்கிறது, ஆனால் அடிப்பகுதி ஐந்து கால் மாதிரி மேடும் பள்ளமுமாக இருக்கும். முதல் சில மில்லிமீட்டர் மழை அந்தப் பள்ளத்திலேயே மறைந்துவிடும். பலரும் கூழாங்கல் போட்டு, கல் மூழ்கும் வரை தண்ணீர் ஊற்றி, அங்கிருந்து அளக்கச் சொல்வார்கள். நம் வெயிலில் அந்தத் தண்ணீர் வற்றி, பூஜ்யக் கோடு தினமும் கீழே இறங்கியது. நான் பிறகு வெள்ளைச் சிமெண்டைக் குழைத்து அடியில் ஊற்றி, மேல்மட்டத்தைச் சமமாக்கிக் காய வைத்தேன். பூஜ்யம் நகராது, பாட்டிலும் கனமாகிக் காற்றில் சாயாது. சிமெண்ட் வேலை, கத்தி வேலை இரண்டும் பெரியவர்களுக்கு. வெட்டிய விளிம்பில் ஒட்டுநாடா சுற்ற மறக்காதீர்கள், பிளாஸ்டிக் விளிம்பு பிளேடு மாதிரி கீறும்.

வைக்கும் இடம் முக்கியம். கூரை ஓரத்தில் வைத்தால் கூரைத் தண்ணீர் விழும், மரத்தடியில் வைத்தால் மழை குறையும். திறந்த வெளியில், இரண்டு செங்கல்லுக்கு நடுவில் வையுங்கள்.

அடுத்து கொசு. நம் ஊரில் இதை விளையாட்டாக எடுக்க முடியாது. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம் பத்து நாள் போதும். தேங்கிய தண்ணீரில் கொசுப் புழு கண்டால் கொசு ஒழிப்புச் சட்டப்படி அபராதமும் உண்டு. அது 1975ஆம் ஆண்டுச் சட்டம். தினமும் காலையில் அளந்ததும் கொட்டிக் கவிழ்த்துத் துடைத்துவிட்டால் பிரச்சினையே இல்லை. வெள்ளிக்கிழமை பாட்டிலை உள்ளே எடுத்து வைப்பது ஒரு பிள்ளையின் பொறுப்பு. எங்கள் வகுப்பில் அந்தப் பொறுப்புக்குப் போட்டி.

ஐந்து வயதுப் பிள்ளைக்கு மில்லிமீட்டர் படிக்க வராது. அளவுகோலுக்குப் பக்கத்தில் விரல் அகலத்துக்கு ஒரு கோடு என்று கலர் நாடா ஒட்டினேன். "இன்னைக்கு ரெண்டு விரல் மழை டீச்சர்!" தமிழ்நாட்டு விவசாயிகள் 'ஓர் உழவு மழை, இரண்டு உழவு மழை' என்று மண் நனைந்த ஆழத்தைக் கணக்கிட்டுப் பேசியது போல, எங்கள் பிள்ளைகளுக்கு விரல் மழை. ஆறு வயது வந்ததும் விரலிலிருந்து மில்லிமீட்டருக்கு மாறுவது தானாக நடக்கிறது.

இந்தப் பாட்டிலை நான் மிகவும் நேசிக்கும் காரணம் ஒன்று உண்டு. பிள்ளை தூங்கியபோது பெய்த மழையை அது பிடித்து வைத்திருக்கிறது. காலையில் தரை காய்ந்திருக்கும், வானம் நீலமாக இருக்கும், மழை வந்ததாக யாருக்கும் நினைவில்லை. பாட்டிலில் ஒரு விரல் தண்ணீர் நிற்கும். பட்டையை எடுத்துக் கறுப்புக் கிளிப்பை மழையில் மாட்டுவார்கள். தான் பார்க்காத ஒன்று நடந்தது என்பதை ஒரு சாட்சியிலிருந்து முடிவு செய்ய அந்த வயதில் வேறு எந்தக் கைவேலையும் கற்றுத் தரவில்லை, நான் பார்த்தவரையில்.

இதன் குறை, மழை இல்லாத மாதங்கள். பினாங்கில் ஜனவரியும் பிப்ரவரியும் வறண்ட மாதங்கள். அப்போது கிழக்குக் கரையில் கிளந்தான், திரெங்கானு பக்கம் வடகிழக்குப் பருவகாலம் இன்னும் முடிந்திருக்காது. அந்த மழையைத் தித்திவங்சா மலைத்தொடர் தடுத்துவிடுவதால் நமக்கு அதிகம் வருவதில்லை. தைப்பூசத்தில் தண்ணீர்மலைக்கு வெறுங்காலில் நடப்பவர்களுக்குத் தார் ரோடு எப்படிச் சுடும் என்று தெரியும், வழியெல்லாம் தண்ணீர் ஊற்றுவதும் அதனால்தான். அந்த நேரத்தில் பாட்டிலை வைத்தால் இரண்டே வாரத்தில் பிள்ளைகளுக்கு ஆர்வம் போய்விடும். தீபாவளிக் காலம் இதற்கு நேர் எதிர். வாசலில் போட்ட கோலம் சாயங்கால மழையில் கரைவது நமக்குப் பழகியதுதான். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கை மூழ்கடித்த பெருமழையும் அந்தப் பருவத்தில் வந்ததே.

இங்கே பொருந்தாத இரண்டு

ஒவ்வொரு நாள் வெப்பநிலைக்கும் ஒரு நிறம் வைத்து, அந்த நிறக் காகித வளையத்தைக் கோத்துக்கொண்டே போகும் சங்கிலி ஒன்று உண்டு. குளிர்காலமும் கோடையும் உள்ள நாட்டில் நீலத்தில் தொடங்கிச் சிவப்பில் முடியும், பார்க்கவே பாடம். இங்கே காலை 8 மணிக்கு வருடம் முழுவதும் ஏறக்குறைய 25, 26 டிகிரிதான். நாங்கள் இரண்டு மாதம் கோத்தோம். மஞ்சளுக்குப் பிறகு மஞ்சள், அதற்குப் பிறகும் மஞ்சள். வெப்பநிலை மாறுவதைக் காட்ட வேண்டுமானால் பிள்ளைகளை ஒரு தெர்மோமீட்டரோடு பினாங்குக் கொடிமலைக்குக் கூட்டிப் போங்கள். 833 மீட்டர் உயரம், ரயிலில் ஏறி இறங்குவதற்குள் ஏறக்குறைய 5 டிகிரி வித்தியாசத்தைப் பார்க்கலாம்.

இன்னொன்று, கண்ணாடிக் குப்பியின் வாயில் பலூனை இழுத்துக் கட்டி, அதன்மேல் ஸ்ட்ரா ஒட்டும் காற்றழுத்தமானி. செய்ய ஆசையாக இருக்கும். ஆனால் நிலநடுக்கோட்டுக்கு அருகே காற்றழுத்தம் ஒரு நாளில் மூன்று நான்கு ஹெக்டோபாஸ்கல் மட்டுமே ஏறி இறங்குகிறது. மழை வந்தாலும் வராவிட்டாலும் காலை 10 மணி வாக்கில் உயரும், மாலை 4 மணி வாக்கில் தாழும். அதைவிட, குப்பிக்குள் அடைபட்ட காற்று 5 டிகிரி சூடானாலே பலூனை அதைப்போல நான்கைந்து மடங்கு அழுத்தத்தோடு தள்ளும். அதாவது நீங்கள் பார்க்கும் ஸ்ட்ரா அசைவு அறையின் சூட்டைத்தான் காட்டுகிறது. "ஸ்ட்ரா மேலே போனால் நல்ல வானிலை" என்று பிள்ளைக்குச் சொன்னால் பொய் சொன்னதாகிவிடும். நான் ஒரு வருடம் அப்படிச் சொல்லிக் கொடுத்துவிட்டேன், அது இன்னும் மனசை உறுத்துகிறது.

எப்போதாவது செய்ய நல்லவை

மேகச் சட்டம் எனக்குப் பிடிக்கும். ஐஸ்கிரீம் குச்சி நான்கை ஒட்டிச் சதுரச் சட்டமாக்கி, ஓரத்தில் கீற்று முகில், திரள் முகில், படை முகில் படங்களை ஒட்டி, சட்டத்தின் வழியே வானத்தைப் பார்த்து எது பொருந்துகிறது என்று சொல்ல வேண்டும். மேகங்களுக்கு 1802இல் பெயர் வகுத்த லூக் ஹோவர்டும் அடிப்படையாக இந்த மூன்றைத்தான் எடுத்துக்கொண்டார். பிள்ளைகளுக்கும் மூன்று போதும். சூரியன் இருக்கும் பக்கம் சட்டத்தைத் திருப்பக்கூடாது என்பதை ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள். கொடிமலை மேகத்தால் தலையை மூடிக்கொள்வது தெரியும் இடத்தில் வகுப்பு இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் தினமும் செய்தால் சலித்துவிடும், வாரம் ஒரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

குச்சியில் ரிப்பன் கட்டிய காற்றுக்கொடியும் அப்படித்தான். ரிப்பன் பறக்கும் திசைக்கு எதிர்த்திசையிலிருந்து காற்று வருகிறது என்பது ஆறு வயதுக்கு முன்னால் குழப்பும். புரிந்த பிறகு வடக்கிலிருந்து வந்தால் வாடை, தெற்கிலிருந்து தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை என்று சொல்லிக் கொடுக்கலாம். நான்கு திசைக்கும் தனித்தனிப் பெயர் நம்மிடம் இருப்பது அவர்களுக்குப் பெருமையாக இருக்கிறது.

யாருக்கு எது

நான்கு வயது வகுப்பு என்றால் கிளிப் பட்டை மட்டும் போதும். ஏழு வானிலையும் ஒரே நேரத்தில் வேண்டாம். வெயில், மப்பு, மழை, இடிமழை நான்கில் தொடங்கி, புழுக்கமான ஒரு நாள் வரும்போது அன்றைக்கே புழுக்கத்தை வரைந்து சேருங்கள். ஐந்து, ஆறு வயதுக்குப் பட்டையும் பாட்டிலும் சேர்ந்து இருக்க வேண்டும். ஒன்றுதான் முடியும் என்றால் பட்டையைத் தேர்ந்தெடுப்பேன், மழை இல்லாத மாதத்திலும் அது வேலை செய்யும்.

வீட்டில் ஒரே பிள்ளை, நீங்களும் வேலைக்குப் போகிறவர், பாட்டியோ ஆயாவோ பார்த்துக்கொள்கிறார் என்றால் பட்டையை அவர்கள் கையில் கொடுங்கள். நாலு மணி வானத்தைப் பிள்ளையோடு சேர்ந்து பார்ப்பவர் அவர்தான். காலையில் முள்ளைத் திருப்பிவிட்டு வேலைக்கு ஓடும் சக்கரத்தைவிட அது பல மடங்கு நல்லது. உயரமான அடுக்குமாடியில் இருப்பவர்களுக்குப் பாட்டில் சரிவராது. பால்கனிக்குள் மழை சாய்ந்துதான் வரும், வெளியே தொங்கவிட்டால் கீழே நடப்பவர் தலைக்கு ஆபத்து.

ஒரு மணி நேரத்தில் முடிக்க வேண்டிய விடுமுறைப் பட்டறை, பிள்ளை ஏதாவது ஒன்றைக் கையோடு கொண்டுபோக வேண்டும் என்றால் சக்கரமே சரி. பனிமனிதனை எடுத்துவிட்டு இடிமழையைப் போடுங்கள். காக்காய்க்கும் நரிக்கும் கல்யாணம் நடக்கும் வெயில்மழைக்கும் ஒரு பங்கு விட்டால் பிள்ளைகள் அந்த நாளுக்காகக் காத்திருப்பார்கள்.

பாட்டிலை ஏப்ரலிலோ செப்டம்பரிலோ தொடங்குங்கள். இரண்டு மழைக்காலத்தின் வாசலும் அதுதான், முதல் வாரமே ஏதாவது விழும். விழாத நாளில் அட்டவணையில் 0 என்று எழுத வையுங்கள். கட்டத்தை வெறுமையாக விட்டால், அன்றைக்கு மழை இல்லையா, பார்க்க மறந்துவிட்டோமா என்று மறுவாரம் யாருக்கும் தெரியாது.